பக்கத்துக் கம்பி

சோல்வேக்கின் வேலை என்னவென்று அவள் ஊர்க்காரர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வடக்கே ஆற்றை மறித்து எடுக்கிற மின்சாரம், காடும் சதுப்புமாகக் கிடக்கிற நிலத்தையெல்லாம் தாண்டி, இரண்டு கம்பிகளில் நேர் மின்சாரமாக வின்னிபெக் நகரத்துக்கு வருகிறது. அந்தக் கம்பிகள் என்னென்ன விதமாகக் கெட்டுப்போகும் என்று, கணினிக்குள் ஒரு போலிக் கம்பியை வரைந்து, அதைக் கெடுத்துக் கெடுத்துப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இடி விழ வைப்பாள். காட்டுத்தீயின் புகையை ஏற்றிவிடுவாள். பனிக்கட்டியின் பாரத்தில் கம்பியை அறுந்து விழ வைப்பாள். எல்லாம் பொய்ப் பழுதுகள். ஆனால் நிஜப் பழுது வருகிற அன்று என்ன நடக்கும் என்பதை இந்தப் பொய்களை நம்பித்தான் எல்லாரும் முடிவு செய்கிறார்கள்.

"காசையும் குடுத்து நாசம் பண்ணுன்னு சொல்றாங்க பாரு, அதான் அதிசயம்," என்பான் தம்பி கியார்ட்டன். அவன் நிஜக் கம்பியில் ஏறுகிறவன். "நீ அறுத்துப் போடு, நான் ஏறி ஒட்டறேன், அப்பா கீழ உக்காந்து சுவிட்ச் போடட்டும். நம்ம குடும்பம் மட்டும் இல்லேன்னா இந்த மாகாணமே இருட்டுதான்." சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். அப்பா இங்கிமார் மின் கம்பெனியின் கன்ட்ரோல் அறையில் மேஜைக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பியைக் கவனித்து சுவிட்ச் போடுகிறவர். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த மூன்று பேரும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினார்கள்.

அந்தக் கம்பியில்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பிப்ரவரிக் குளிரில், கியார்ட்டன் செத்துப்போனான்.

எப்படி என்று சொல்வதற்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். கம்பியில் பழுது என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் மின்சாரம் தானாக நின்றுவிடும். அதோடு விடாது. பழுது இடியாகவோ புகையாகவோ இருந்தால் இந்நேரம் விலகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, தானாகவே மறுபடியும் பாயும். அதற்கு ரீஸ்டார்ட் என்று பேர். ஊருக்கு விளக்கு அணையாமல் இருப்பது அதனால்தான். ஆனால் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மின்சாரம் கடத்தாத நீளக் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆள் கம்பியில் ஏறி வேலை செய்கிற நேரத்தில் அது கூடவே கூடாது. முதல் அடியில் தூக்கியெறியப்பட்டு, இடுப்புப் பட்டையில் உயிரோடு தொங்குகிறவனை இரண்டாவது அடி முடித்துவிடும். அதனால் ஆள் ஏறுவதற்கு முன்னால் கன்ட்ரோல் அறை மேஜைக்காரர் ரீஸ்டார்ட்டைப் பூட்டிவிட வேண்டும்.

அன்றைக்கு மேஜையில் இருந்தவர் இங்கிமார். மேலே மகன், கீழே அப்பா. ஊரில் அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பூட்டு என்றால் பழைய காலத்துப் பலகையில் கையால் திருப்புகிற ஒரு குமிழ்தான். திருப்பினதற்கு எந்தத் தடயமும் எங்கேயும் பதிவாகாது. விபத்து நடந்த கலவரத்தில் நாலு பேர் ஓடிவந்து கையில் பட்டதையெல்லாம் திருப்பியிருந்தார்கள். குமிழ் முதலில் எந்தப் பக்கம் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மிஞ்சியது கம்பியின் மின்னழுத்தத்தை வரைந்து வைத்திருந்த ஒரே ஒரு கோடு. கோடு சட்டென்று தரைக்கு விழுகிறது. கொஞ்ச நேரம் தரையிலேயே கிடக்கிறது. பிறகு சின்னதாக ஒரு மேடு எழும்பி, மறுபடி விழுகிறது. கிழக்கே டொரான்டோ பக்கத்திலிருந்து வரவழைத்த ஆலோசகர்கள் சிமுலேஷன் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த மேடு ரீஸ்டார்ட்தான் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆகவே பூட்டு போடப்படவில்லை. முதல் அடியில் அவன் பிழைத்திருக்கக்கூடும். "தொலைபேசி அழைப்பு ஏதேனும் கன்ட்ரோல் அறைப் பணியாளரின் கவனத்தைச் சிதறடித்திருக்கலாம்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். படித்தவர்கள் இல்லையா, 'லாம்' போட்டு எழுதினால் பாவம் ஒட்டாது என்று நினைப்பு.

அப்பா முதல் நாள், "நான் பூட்டினேன்," என்றார். விசாரணையில் திருப்பித் திருப்பிக் கேட்டபோது, "பூட்டினேன்னுதான் நெனக்கிறேன்," என்றார். அறிக்கை வந்த பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு கிம்லியில் ஏரிக்கரை வீட்டோடு போய்விட்டார். கியார்ட்டனின் மனைவி மார்னி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிராண்டனில் தன் பிறந்த வீட்டுக்குப் போனாள்.

சோல்வேக் அந்த அறிக்கையை எடுத்து, தொழில் தெரிந்தவளாக வரிவரியாகப் படித்தாள். படங்களைப் பார்த்தாள், கணக்கைச் சரிபார்த்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூடி வைத்தாள். அப்பாவை மனசிலிருந்து எடுத்துப் போட்டாள்.

அந்த வருஷம் சர்ச் கூடத்தில் அறுவடை விருந்து நடந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான். நீள மேஜைகள், வான்கோழிக் கறி, மசித்த டர்னிப் கிழங்கு, பூசணி வைத்துச் சுட்ட இனிப்பு, இருக்கிற இடத்தில் உட்கார்ந்து எதிரே யார் வந்தாலும் பேசிக்கொண்டே சாப்பிட வேண்டியது. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "குளிர் சீக்கிரமே வந்துடுச்சு," என்றார். சோல்வேக் எழுந்தாள். தன் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்தாள். கூடமே பார்த்தது. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படியே இருந்திருக்கும். நோனோய் மட்டும் இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால்.

நோனோய் அவளோடு சிமுலேஷன் பிரிவில் இருப்பவன். அப்பா அம்மா பிலிப்பைன்சிலிருந்து வந்தவர்கள், இவன் வின்னிபெக்கிலேயே பிறந்தவன். அவளை 'ஆத்தே' என்பான். அவர்கள் வீட்டுப் பேச்சில் அக்கா என்று அர்த்தம். வாய் ஓயாது. காட்டுத்தீயின் புகை இரண்டு கம்பிகளையும் ஒருசேரப் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு புது ஆய்வு வந்திருந்தது. அதற்காக அவன் கம்பிகள் இரண்டையும் முழுசாக வரைந்து, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, சோதனைக்கு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆத்தே, கொஞ்சம் இங்க வாங்களேன். இது பேய் வேலையா இருக்கு."

"இப்ப என்னத்த ஒடச்சே?"

"நான் ஒண்ணையும் ஒடைக்கல. எது நடந்தாலும் நான்தானா? ஒரு கம்பியில மட்டும் பழுதைக் குடுத்தேன். ரீஸ்டார்ட்டைப் பூட்டிட்டுதான் ஓட்டினேன். ஆனா பாருங்க, செத்தவன் எந்திரிச்சு உக்காந்துட்டு மறுபடி படுக்கறான்."

சோல்வேக் காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். கோடு விழுந்தது. தரையில் கிடந்தது. சின்னதாக ஒரு மேடு எழும்பி மறுபடி விழுந்தது. அந்த மேட்டை அவளுக்குத் தெரியும். கண்ணை மூடினால் தெரிகிற மேடு அது. அவள் கோப்பையை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் அவன் விசைப்பலகை மேலேயே வைத்தாள்.

"பூட்டினியா? நெஜமா பூட்டினியா?"

"அம்மா சத்தியமா. நீங்களே பாருங்க, பூட்டுதான் போட்டிருக்கு." அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு உறைத்துவிட்டது. "ஐயோ ஆத்தே. மன்னிச்சிடுங்க. வாய்க்கு வந்ததை ஒளறிட்டேன். நான் அதை நெனச்சுச் சொல்லல."

"அதை விடு. பக்கத்துக் கம்பியை எடுத்துட்டு ஓட்டு."

எடுத்துவிட்டு ஓட்டினான். கோடு விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது. மேடு இல்லை.

"திரும்பப் போடு."

போட்டான். மேடு எழும்பியது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு கம்பி செத்தால் அது சுமந்துகொண்டிருந்த பாரத்தைப் பக்கத்துக் கம்பி அவசரமாகத் தூக்கிக்கொள்ளும். அந்த அவசரம் செத்த கம்பியையும் ஒரு கணம் லேசாகத் தூக்கிவிடும். இது இவர்களுக்குத் தெரியாததில்லை, படிக்கும்போதே படித்ததுதான். ஆனால் கம்பிகள் இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றேபோல இருப்பதால், சிமுலேஷன் போடுகிறவர்கள் பாதியைத்தான் வரைவார்கள். மறுபாதி எதற்கு, நேரம் மிச்சம். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. கிழக்கேயிருந்து வந்தவர்களும் பாதியைத்தான் வரைந்தார்கள். பாதியை வரைந்துவிட்டு, இந்த மேடு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், ரீஸ்டார்ட் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. அறிக்கையைப் படித்த அன்று சோல்வேக்குக்கு அதில் குறை தெரியாமல் போனதற்கும் அதுதான் காரணம். அவளும் பாதிதான் வரைந்திருப்பாள்.

விபத்து நாளின் நிஜக் கோட்டை எடுத்து வந்து, அன்றைய சுமையை வைத்து, குளிரை வைத்து, இடத்தை வைத்து ஓட்டினார்கள். நிஜக் கோட்டின் மேல் பொய்க் கோடு போய்ப் படுத்துக்கொண்டது. பூட்டைத் திறந்துவிட்டு ஓட்டினால் பொருந்தவில்லை. ரீஸ்டார்ட் என்றால் மேடு அதைவிட உயரமாக, வேறு சாயலில் வர வேண்டும். டொரான்டோ ஆலோசகர்கள் அதை எப்படியாவது பொருத்துவதற்கு நிலத்தின் மின்தடை அளவைத் தங்கள் வசதிக்கு மாற்றி வைத்திருந்தது இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"எங்கப்பா பூட்டியிருக்காரு," என்றாள் சோல்வேக்.

"அப்ப நல்ல சேதிதானே ஆத்தே?" என்றான் நோனோய். "பின்ன ஏன் அழறீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் தெரிந்ததெல்லாம் அன்று கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்த, டர்னிப்பை முள்கரண்டியால் அள்ளிக்கொண்டு குனிந்திருந்த அந்த நரைத்த தலைதான். பெற்ற மகனைப் பறிகொடுத்த மனுஷன், மகளும் வேண்டாமென்று எழுந்துபோன பிறகு, ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பூட்ட வேண்டியதைப் பூட்டியிருந்தும்.

மேலதிகாரியிடம் சொன்னாள். அவர் படங்களைப் பார்த்துவிட்டு, "எழுதிக் குடு, விசாரணையைத் திரும்பத் திறக்கச் சொல்லுவோம். பேர் சுத்தமாயிடும். ஆனா நாளாகும்," என்றார். பேர் சுத்தமாவதற்கு அவள் காத்திருக்கத் தயார். ஆனால் அப்பா முன்னால் போய் நின்று, தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று கேட்பதற்கு அவளால் காத்திருக்க முடியவில்லை. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே கிம்லிக்குப் போனாள்.

வீட்டில் ஆள் இல்லை. உறைந்த ஏரியின் மேல் சின்னச் சின்ன மீன்பிடிக் குடிசைகள் சிதறிக் கிடந்தன. எது அவருடையது என்று அவளுக்குத் தெரியும். பச்சை பெயின்ட் அடித்தது அவளும் கியார்ட்டனும்தான். வண்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு, காற்று முகத்தில் அறைய, பனிக்கட்டி மேல் நடந்தாள். நடக்கும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினாள். கதவைத் தட்டியபோது எல்லாம் கலைந்துவிட்டது.

"யாரு?"

"நான்தாம்பா."

உள்ளே வாளி நகருகிற சத்தம் கேட்டது. பிறகு, "உள்ள வா. கதவைச் சாத்து, சூடு போவுது," என்றார்.

அவ்வளவு காலம் கழித்து அப்பா மகளிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான். விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பனிக்கட்டியில் வெட்டிய துளைக்கு முன்னால் கவிழ்த்த வாளியின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அவளுக்கு இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார்.

"மீன் கடிக்குதா?" என்றாள். வேறு என்ன கேட்பது?

"வருதுங்க, பாக்குதுங்க, போயிடுதுங்க. இந்தக் கெழவன் கையில மாட்டினா கேவலம்னு நெனக்குதுங்க போல." ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றினார். "சக்கரை இல்லாமதானே? இன்னும் அப்படித்தானா?"

"அப்படித்தாம்பா."

காபியைக் கையில் வாங்கிக்கொண்டாள். குடிக்காமல், நிறுத்தாமல், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பாதிப் படம், முழுப் படம், பக்கத்துக் கம்பி, சுமை மாறுகிற வேகம், எழும்புகிற மேடு. இங்கிமார் தூண்டிலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் அந்தக் கம்பியை மேய்த்தவர். அவருக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

"சுமையை மாத்தற வேகம் என்ன வெச்சே?" என்றார்.

சொன்னாள்.

"அது பழைய அளவு. அன்னிக்குக் கொஞ்சம் கூட்டி வெச்சிருந்தோம்."

"கூட்டி வெச்சா இன்னும் நல்லாப் பொருந்தும்பா!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்ன வயசில் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

இங்கிமார் தலையை ஆட்டினார். "ஆமா, பொருந்தும். கணக்கு சரியாத்தான் இருக்கு. நல்லாப் போட்டிருக்கே." தூண்டிலைக் கொஞ்சம் இழுத்துவிட்டார். "ஆனா நான் பூட்டலையேம்மா."

"என்னப்பா?"

"மறந்துட்டேன். ஃபோன் வந்துதுல்ல, அதுல மறந்துட்டேன்."

சோல்வேக்குக்கு முதலில் புரியவில்லை. "எந்த ஃபோன்?"

"வாசல் கேட்டுலேருந்து. பனி அள்ற வண்டிக்காரன். உள்ள விடச் சொல்லு, உள்ள விடச் சொல்லுன்னு ஒரே சத்தம். சளி புடிச்ச கொரல் அவனுக்கு. இந்தக் கை குமிழ் மேலதான் இருந்துது. ஃபோனை எடுக்க இதை எடுத்தேன். வெச்சிட்டுத் திரும்பினா, பூட்டியாச்சுன்னு நெனச்சிட்டேன்." வலது கையை எடுத்து, அவளுக்குக் காட்டுவது போல முன்னால் நீட்டினார். "இந்தக் கைதான்."

சோல்வேக் அந்தக் கையையே பார்த்தாள். அப்படி ஒரு அழைப்பு வந்தது உண்மை. ஆனால் அது வந்தது அடுத்த மேஜைக்கு. அறிக்கை வந்த பிறகு அந்த மேஜைக்காரரே விசாரணையில் சாட்சி சொல்லி, என் ஃபோன் அது என்று திருத்தினார். அப்பாவின் ஃபோன் அன்று காலை மணி அடிக்கவே இல்லை. அறிக்கைக்காரர்கள் 'லாம்' போட்டு எழுதின ஒரு வரியை வைத்துக்கொண்டு, இந்தக் குடிசையில் ஒண்டியாக உட்கார்ந்து, அதற்குக் குரல் கொடுத்து, சளி பிடிக்க வைத்து, கையைத் தூக்க வைத்து, தானே முழுசாகப் பண்ணி வைத்திருக்கிறார். இப்போது அது அவருக்கு நடந்த விஷயம்.

"அப்பா, அந்த ஃபோன் உங்களுக்கு வரலை. பக்கத்து மேஜைக்கு வந்துது. சாட்சி இருக்கு."

"எனக்குத்தாம்மா வந்துது. எனக்கு ஞாபகம் இருக்கே."

"மொத நாள் நீங்களே பூட்டினேன்னு சொன்னீங்களே! என் காதால கேட்டேன்!"

"சொன்னேன்." அவர் சிரிக்க முயன்றார். "தப்பிக்கச் சொன்னேன். மனுஷன் பயத்துல சொல்றதுதானே."

"பூட்டினீங்கப்பா! கம்பியே சொல்லுது. ரீஸ்டார்ட் வரவே இல்லை. அவன் மொத அடியிலேயே போயிட்டான். அவன் புடிச்சிருந்த கம்புக்குள்ள ஈரம் எறங்கியிருந்துது, வெளிய பாத்தா தெரியாது. அவனுக்கே தெரிஞ்சிருக்காது. வலிச்சிருக்காது."

இதைக் கேட்டதும் அவர் கை தூண்டிலை விட்டுவிட்டது. 

"அப்ப யாரு தப்பு?" என்றார்.

"யாரு தப்பும் இல்லப்பா."

"யாருமே தப்பு பண்ணலை. என் புள்ள மட்டும் செத்துட்டான்." அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "அது எப்படிம்மா? அப்படி இருக்காது. அப்படி இருந்தா எப்படிம்மா ஒருத்தன் காலைல எந்திரிச்சு அடுப்பு மூட்டறது? நான் மறந்தேன், அவன் செத்தான். அது எனக்குப் புரியுது. அதோட நான் இருந்துக்குவேன்."

சோல்வேக்குக்கு அழுகை வந்தது. அவள் எதற்கு வந்தாளோ அதையாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. வாளியை விட்டு இறங்கி, பனிக்கட்டி மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விருந்துல தட்டைத் தூக்கிட்டுப் போனேன். எல்லார் முன்னாடியும். நீங்க ஒண்ணுமே பண்ணலை. நான்தான் பாவி. என்னை மன்னிச்சிடுங்கப்பா."

"எதுக்கு?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீ பண்ணினது சரிதானே. நீ எந்திரிச்சுப் போனதோட விட்டே. நானா இருந்தா தட்டை மூஞ்சியில எறிஞ்சிருப்பேன். உன்னை மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு? எந்திரி, குளிரும்."

"மன்னிச்சேன்னு சொல்லுங்கப்பா."

"தப்பு பண்ணாதவளை எப்படிம்மா மன்னிக்கறது?" அவள் கண்ணைத் தன் கையுறையால் துடைத்துவிட்டார். மீன் வாடை அடித்தது. "எனக்குப் புரியுது சோலா. இவ்வளவு பெரிய கணக்கைப் போட்டு எடுத்துக்கிட்டு, இத்தனை தூரம் வந்திருக்கே. அப்பாவை மன்னிக்கறதுக்கு உனக்கு ஒரு வழி வேண்டியிருந்துது. வழி கெடைக்கலேன்னா நீயே ஒண்ணைச் செஞ்சுக்குவே, சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அதுக்காக நடக்காததையெல்லாம் நடந்ததா ஆக்க வேணாம்மா. நீ வந்ததே போதும்."

"அதுக்கில்லப்பா. நெஜமாவே..."

"கணக்கெல்லாம் வேணாம்." குரல் முதல் தடவையாக உடைந்தது. "வாயால சொல்லிடு. அதைக் கேக்காமலே போயிடுவேனோன்னு இருந்தேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற கண்ணோடு காத்திருந்தார். கணினியில் எந்தக் கம்பியை வேண்டுமானாலும் அறுத்து, எந்தப் பழுதை வேண்டுமானாலும் நீக்கத் தெரிந்தவளுக்கு, இந்த ஒரு மனுஷனை அவர் செய்யாத குற்றத்திலிருந்து விடுவிக்கத் தெரியவில்லை. விசாரணையைத் திறப்பார்கள். காகிதத்தில் அவர் பேர் சுத்தமாகும். அந்தக் காகிதத்தையும் அவர் அன்பாகப் படித்துவிட்டு, பாவம், என் மகள் எனக்காக என்ன பாடுபட்டிருக்கிறாள் என்று மடித்து வைப்பார். அவள் கேட்டு வந்த மன்னிப்பு இனி எந்தக் காலத்திலும் கிடைக்கப்போவதில்லை. அதைக் கொடுக்க வேண்டுமானால் அவர் முதலில் நிரபராதியாக வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்க மாட்டார்.

கொடுக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அது பொய்.

"மன்னிச்சிட்டேம்பா," என்றாள்.

இங்கிமார் கண்ணை மூடிக்கொண்டார். தோள்கள் இரண்டும் தளர்ந்து இறங்கின. வாளியின் மேல் உட்கார்ந்தபடியே, தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல் அழுதார். அழுது முடித்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள்.